போர் விமானம் கட்டிய பட்டறையில் நகரப் பேருந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒரு வாசகர், உலகத்துப் பேருந்து நிறுவனங்களில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டிருந்தார். செர்பியாவின் இக்கார்பஸ் என்று சொல்லி, அது முன்பு போர் விமானம் கட்டிய நிறுவனம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம். பஸ் பாடி கட்டும் பட்டறையில் தகடு வெட்டியும் ரிவெட் அடித்தும் வாழ்ந்தவன் நான். இந்தக் கதை எனக்குத் தொழில் சார்ந்த பாசம். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர்: ஐயா, ஒரு பேருந்து கம்பெனி விமானம் கட்டியது என்றால் நம்ப முடியவில்லை. யார் தொடங்கியது, எங்கே?

நம்பலாம் ஐயா. ஆனால் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பேருந்து கம்பெனி விமானம் கட்டவில்லை, விமானக் கம்பெனிதான் பேருந்துக்கு வந்தது.

முதல் உலகப் போர் முடிந்ததும் செர்பியர்கள், குரோவாசியர்கள், ஸ்லோவேனியர்கள் சேர்ந்த புதிய அரசு ஒன்று உருவானது. பிற்பாடு யூகோஸ்லாவியா என்று பெயர் பெற்றது அதுதான். அந்த நாட்டின் முதல் விமானத் தொழிற்சாலையாக 1923இல் நோவி சாட் நகரில் இக்காரஸ் பிறந்தது. இக்கார்பஸின் பழைய பெயர் அதுதான். நோவி சாட் டான்யூப் நதிக்கரையில் இருக்கிறது. ஆரம்பத்தில் அவர்கள் கட்டியது பறக்கும் படகுகள், அதாவது அடிப்பாகம் படகு போலவே இருக்கும், தண்ணீரிலிருந்தே எழும்பும் விமானங்கள். ஆறு அவர்களுக்கு ஓடுபாதை. வாசலிலேயே இறக்கிப் பறக்கவிட்டுப் பார்க்கலாம்.

நிறுவியவர்களில் முக்கியமானவர் டிமித்ரியே கோன்யோவிச். ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படையில் விமானியாக இருந்தவர். முதல் விமானத்தை வரைந்தவர் யோசெஃப் மிக்கிள், ஆஸ்திரியப் பொறியாளர். அவரும் அதே கடற்படைக்காகப் போலா துறைமுகத்தில் வேலை செய்தவர். இருவரும் கடல் விமானத்தில் ஊறியவர்கள். ஆகவே அவர்களது முதல் படைப்பு, 1924இல் பறந்த இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம், மரத்தாலான ஒரு பறக்கும் படகாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. கடற்படை வாங்கியது. சுமார் 40 விமானங்கள் கட்டினார்கள். ஒரு புதிய நாடு, புதிய பட்டறை, முதல் தயாரிப்பே தொடர் உற்பத்திக்குப் போவது சாதாரண விஷயம் அல்ல.

மிக்கிளைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர் பிறகு ஜெர்மனிக்குப் போய், 1931இல் ஃபெர்டினாண்ட் போர்ஷே தொடங்கிய வடிவமைப்பு அலுவலகத்தின் ஆரம்பக் குழுவில் சேர்ந்தார். காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும் பந்தயக் கார்களுக்குக் கணக்குப் போட்டவர் அவர். விமானத்திலிருந்து சக்கரத்துக்கு வந்த முதல் இக்காரஸ்காரர் என்று அவரைச் சொல்வேன்.

கல்லூரி மாணவி ஒருவர்: கோன்யோவிச் நீர்மூழ்கிக் கப்பலை மூழ்கடித்தவர் என்று படித்தேன். அது உண்மையா?

உண்மைதான் அம்மா. அதோடு அந்தச் சம்பவத்தில் மூழ்கடித்ததைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

1916 செப்டம்பர் 15. அட்ரியாடிக் கடல், கோட்டோர் வளைகுடாவுக்கு வெளியே. பிரெஞ்சு நீர்மூழ்கி ஃபூக்கோ தண்ணீருக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கடலில் தண்ணீர் தெளிவு. மேலே பறந்துகொண்டிருந்தவர்கள் கண்ணில் அடியில் நகரும் கருநிழல் பட்டுவிட்டது. இரண்டு லோனர் வகைப் பறக்கும் படகுகள் வந்து குண்டு போட்டன. ஒன்றில் கோன்யோவிச் இருந்தார். நீர்மூழ்கிக்குள் தண்ணீர் புகுந்தது. எப்படியோ மேலே எழும்பி வந்தார்கள், கப்பலைக் கைவிட்டுக் கடலில் குதித்தார்கள். கடலில் ஓடிக்கொண்டிருந்த நீர்மூழ்கி ஒன்றை விமானம் மூழ்கடித்தது அதுதான் முதல் முறை.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். அந்த இரண்டு விமானங்களும் தண்ணீரில் இறங்கின. மரத்தாலும் துணியாலும் ஆன சின்ன எந்திரங்கள் அவை. தத்தளித்துக்கொண்டிருந்த எதிரி மாலுமிகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். உதவிக் கப்பல் வந்து சேரும்வரை அப்படியே. பிரெஞ்சுக்காரர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை.

ஒரு தொழிற்சாலையின் வரலாற்றில் இதை ஏன் சேர்க்கிறேன் என்றால், அதை நிறுவியவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது எனக்கு முக்கியம். அந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர்: அவர்கள் வெளிநாட்டு விமானங்களை உரிமம் வாங்கி நகல் எடுத்தவர்கள் மட்டும்தானா, சொந்தமாக ஏதாவது வடிவமைத்தார்களா?

தம்பி, உரிமம் வாங்கிச் செய்வதைக் குறைவாக எடைபோட வேண்டாம். 1927இல் ஸெமுன் நகரில் அவர்கள் இரண்டாவது தொழிற்சாலை திறந்தார்கள். ஸெமுன் என்பது பெல்கிரேடுக்கு எதிரே, சாவா நதிக்கு அந்தப் பக்கம் டான்யூப் கரையில் இருக்கும் பழைய ஊர். தரையிலிருந்து பறக்கும் விமானங்கள் அங்கே கட்டப்பட்டன. பிரான்சின் பொதேஸ் 25 விமானத்தை ஏறத்தாழ 200 எண்ணிக்கை கட்டினார்கள். அடுத்தவர் வரைபடத்தைக் கையில் வாங்கி அதே அளவு, அதே எடை, அதே பலத்தோடு 200 முறை செய்து கொடுப்பது தொழிலாளிக்குப் பெரிய பள்ளிக்கூடம். தச்சரும் தகட்டு வேலைக்காரரும் அங்கேதான் கை தேறினார்கள்.

சரி, சொந்த வடிவமைப்புக்கு வருவோம். ஐ.கே-2 என்ற போர் விமானத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

லியூபோமிர் இலிச், கோஸ்டா சிவ்செவ் என்று இரண்டு இளம் பொறியாளர்கள். பாரிஸில் படித்தவர்கள். அந்தக் காலத்தில் போர் விமானம் என்றால் இரண்டடுக்கு இறக்கை வைத்ததுதான் என்று விமானப்படை நம்பியது. இவர்கள் இருவரும் ஒற்றை இறக்கைதான் வருங்காலம் என்று நம்பினார்கள். யாரும் கேட்காமலே, ரகசியமாக, முதலில் பெல்கிரேடில் ஒரு நிலவறையிலும் பிறகு நோவி சாட்டிலும் உட்கார்ந்து வரைந்தார்கள். அலுவலக நேரம் முடிந்த பிறகு செய்த வேலை அது. மர மாதிரி ஒன்றைப் பாரிஸில் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். கணக்கு சரியாக வந்ததும் விமானப்படையிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

இக்காரஸ் கட்டியது. இறக்கை உடம்பின் மேல்பக்கத்தில், நடுவில் கொஞ்சம் வளைந்து கடற்காகத்தின் இறக்கை போல இருக்கும். ஹிஸ்பானோ-சுய்சா எஞ்சின். அந்த எஞ்சினின் நடுவழியாக 20 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று, விசிறியின் குடத்தின் வழியாகவே சுடும்படி வைக்கப்பட்டிருந்தது. 1935இல் முதல் மாதிரி பறந்தது. சோதனை விமானி லியோனிட் பைடாக்.

சில பறத்தல்களிலேயே அந்த மாதிரி போய்விட்டது. காரணம், இறக்கையின் மேல் போர்த்தியிருந்த துணி. வேகத்தில் அது கிழிந்தது. பைடாக் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். இத்தனைக்குப் பிறகு வேறு யாராக இருந்தாலும் இரண்டடுக்கு விமானமே போதும் என்று முடித்திருப்பார்கள். இவர்கள் இறக்கைக்கு உலோகத் தகடு போர்த்தி இரண்டாவது மாதிரியைக் கட்டினார்கள். அதை ஓட்டியவர் யாங்கோ டொப்னிகர். அதற்கும் இரண்டடுக்கு ஃபியூரி விமானத்துக்கும் வானில் ஒரு ஒத்திகைச் சண்டை வைத்தார்கள். ஃபியூரியை ஓட்டியவர், துணி கிழிந்து குதித்த அதே பைடாக். ஒற்றை இறக்கைதான் மேல் என்று தெளிவானது. அதன் பிறகு 12 விமானங்கள் கட்ட ஆணை கிடைத்தது.

துணியிலிருந்து தகட்டுக்கு மாறிய அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பேருந்து பற்றிய கேள்வியில் அதற்குத் திரும்ப வருகிறேன்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஐ.கே என்பது இக்காரஸின் சுருக்கம் அல்ல. இலிச்சின் முதல் எழுத்தும் கோஸ்டாவின் முதல் எழுத்தும். அதனால்தான் இவர்களது அடுத்த விமானமான ஐ.கே-3, பெல்கிரேடின் ரோகோஷார்ஸ்கி என்ற வேறொரு தொழிற்சாலையில் கட்டப்பட்டும் அதே பெயரைத் தாங்கியது.

இல்லத்தரசி ஒருவர்: அந்த ஊரிலிருந்து யாராவது இந்தியா வரை பறந்திருக்கிறார்களா?

பறந்திருக்கிறார்கள் அம்மா. 1927இல் டாடியா சொண்டர்மயரும், மேலே சொன்ன அதே லியோனிட் பைடாக்கும் ஒரு பொதேஸ் 25 விமானத்தில் பாரிஸிலிருந்து பெல்கிரேட் வழியாகப் பம்பாய்க்கு வந்து, திரும்பவும் பெல்கிரேடில் போய் இறங்கினார்கள். மூடிய அறைகூட இல்லாத விமானம். ஏரோபுட் என்ற தங்கள் நாட்டின் முதல் விமானப் போக்குவரத்து நிறுவனத்துக்கு மக்கள் ஆதரவும் பங்குப் பணமும் திரட்டத்தான் இந்தப் பயணம். அந்த ஆண்டே ஏரோபுட் உருவானது.

பள்ளி ஆசிரியை ஒருவர்: இரண்டாம் உலகப் போரில் அந்தத் தொழிற்சாலைக்கு என்ன ஆயிற்று?

இந்தப் பதிலை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

1941 ஏப்ரல் 6ஆம் தேதி காலை ஜெர்மன் விமானங்கள் பெல்கிரேடின் மீது குண்டு வீசின. மொத்தப் போரும் பதினோரு நாளில் முடிந்துவிட்டது. ஐ.கே-2 விமானங்களில் பறக்கும் நிலையில் இருந்தவை 8 மட்டுமே. போஸ்னியாவில் பான்யா லூக்கா பக்கத்து விமானத்தளத்திலிருந்து அவை ஜெர்மனியின் மெசர்ஷ்மிட் போர் விமானங்களை எதிர்த்துப் போயின. எண்ணிக்கையிலும் வேகத்திலும் எதிராளியின் கை ஓங்கியிருந்தது. இன்று உலகத்தில் ஒரு ஐ.கே-2கூட மிஞ்சவில்லை.

தொழிற்சாலைக்குள் நடந்தது வேறு வகைத் துயரம். பிரிட்டனின் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானத்தை உரிமம் வாங்கி ஸெமுனில் கட்டிக்கொண்டிருந்தார்கள். 16 விமானங்கள் முடித்துக் கொடுத்தாயிற்று. இன்னும் 24 கிட்டத்தட்ட முடியும் நிலையில் கொட்டகையில் நின்றன. அவை ஜெர்மானியர் கையில் சிக்கக் கூடாது என்று அங்கேயே நாசமாக்கினார்கள். மாதக்கணக்கில் தட்டித் தட்டிச் சேர்த்த உடம்பை, இன்னும் ஒருமுறைகூடப் பறக்காததை, கட்டிய இடத்திலேயே உடைப்பது என்றால் என்ன என்று கட்டியவனுக்குத்தான் தெரியும். எங்கள் பட்டறையில் ஒருமுறை, கிட்டத்தட்ட முடிந்த ஒரு பாடியைப் பணத் தகராறில் பிரித்துப் போடச் சொன்னார்கள். அன்று ஒருவரும் மதியம் சாப்பிடவில்லை. அது வெறும் பணத் தகராறு. இவர்கள் உடைத்தது நாட்டின் தற்காப்பை.

ஆக்கிரமிப்புக் காலத்தில் அந்தத் தொழிற்சாலை ஜெர்மானியர் பயன்பாட்டில் இருந்தது. அதனால் நேச நாடுகளுக்கு அது குறியாகிவிட்டது. 1944 ஏப்ரல் 16, 17 தேதிகளில் அமெரிக்க விமானங்கள் பெல்கிரேடிலும் ஸெமுனிலும் குண்டு வீசின. இக்காரஸும் ரோகோஷார்ஸ்கியும் இலக்குப் பட்டியலில் இருந்தன. ஏப்ரல் 16 அந்த ஆண்டு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் ஈஸ்டர் ஞாயிறு. பொதுமக்கள் நிறையப் பேர் இறந்தார்கள். ஒரே ஊரை முதலில் பகைவரும் பிறகு நட்பு நாடும் குண்டு போட்டதை அங்குள்ளவர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

விமான ஆர்வலர் ஒருவர்: படுத்துக்கொண்டே ஓட்டும் விமானம் செய்தார்கள் என்கிறார்களே?

ஆம், போருக்குப் பிறகு. அந்தக் காலத்தை முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். தொழிற்சாலை அரசுடைமை ஆனது. 1948 ஜூனில் யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவுக்கும் சோவியத் தலைவர் ஸ்டாலினுக்கும் உறவு முறிந்தது. யூகோஸ்லாவிய விமானப்படையில் இருந்தவை பெரும்பாலும் சோவியத் விமானங்கள். உதிரி பாகம் நின்றுபோனது. இனி நம் கையே நமக்குத் துணை என்ற நிலைமை. அப்போதுதான் பழைய ஐ.கே-3 வடிவமைப்பை அடிப்படையாக எடுத்து எஸ்-49 என்ற போர் விமானத்தை இக்காரஸ் கட்டியது. 1949இல் பறந்தது. முதல் வகையில் மரமும் உலோகமும் கலந்திருந்தன. அதில் 45 கட்டினார்கள். பிறகு முழு உலோகத்தில், பிரெஞ்சு எஞ்சினோடு அடுத்த வகை வந்தது. அது நூற்றுக்கும் மேல் கட்டப்பட்டது.

இப்போது உங்கள் கேள்வி. வேகமாகத் திரும்பும்போது விமானியின் உடம்பிலிருக்கும் ரத்தம் தலையிலிருந்து காலை நோக்கி இறங்கும், கண் இருட்டும். விமானி குப்புறப் படுத்திருந்தால் தலையும் இதயமும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கும், அதிகம் தாங்கலாம். கூடவே விமானத்தின் முகப்பும் சிறிதாகும், காற்றுத் தடை குறையும். டிரகோலியூப் பெஷ்லின் என்ற பொறியாளர் இந்த யோசனையை 232 பயோனிர் என்ற சிறு விமானத்திலும், பிறகு 451 என்ற விமானத்திலும் செய்து பார்த்தார். தாடையைத் தாங்க ஓர் ஏந்தல் வைத்து, விமானி குப்புறக் கிடந்தபடி ஓட்டினார். பின்பக்கம் பார்ப்பது சிரமம், கழுத்து வலிக்கும். உலகத்தில் எங்குமே இந்த வழி நிலைக்கவில்லை. ஆனாலும் அதே 451இன் குடும்பத்திலிருந்துதான், இந்த முறை விமானி உட்கார்ந்தபடியே ஓட்டும் 451எம் வந்தது. இரண்டு சின்ன பிரெஞ்சு ஜெட் எஞ்சின்கள். 1952 அக்டோபர் 25இல் பறந்தது. யூகோஸ்லாவியாவில் கட்டப்பட்ட முதல் ஜெட் விமானம் அது.

பெல்கிரேட் நிகோலா டெஸ்லா விமான நிலையத்தை ஒட்டிய விமான அருங்காட்சியகத்தில் படுத்து ஓட்டும் அந்த 451ஐயும் எஸ்-49ஐயும் வைத்திருக்கிறார்கள். அந்த ஊருக்குப் போக வாய்த்தால் தவறவிடாதீர்கள்.

பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர்: அண்ணா, விமானம் கட்டியவர்களுக்குப் பேருந்து கட்டத் தெரிந்தது எப்படி? இரண்டும் வேறு வேறு வேலை இல்லையா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன் தம்பி.

இக்காரஸில் பேருந்து வேலை 1954இல் தொடங்கியது. சௌரர் என்ற வெளிநாட்டு வாகன நிறுவனத்தின் உரிமத்தோடு ஆரம்பித்தார்கள். விமான வேலையும் சில வருஷம் பக்கத்திலேயே நடந்தது. 1955இல் குரியர் என்ற சிறிய தொடர்பு விமானம் வெளிவந்தது. 1960களின் தொடக்கத்தோடு விமானம் நின்று, பேருந்து மட்டும் ஆயிற்று. ஆக, ஒரே கூரைக்கு அடியில் இரண்டும் சேர்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. அதுதான் எனக்கு மிகவும் பிடித்த காலம்.

நீயே யோசித்துப் பார். பாடி கட்டும்போது நீ முதலில் என்ன செய்கிறாய்? சேசிஸ் மேல் குறுக்குச் சட்டம், அதிலிருந்து தூண், தூணுக்கு மேல் கூரை வளைவு, நீளவாட்டில் பட்டி. எலும்புக்கூடு நின்ற பிறகு தகடு போர்த்துகிறாய். விமானத்தின் உடம்பிலும் வளையங்கள் வரிசையாக நிற்கும், நீளவாட்டில் பட்டிகள் ஓடும், மேலே தகடு. எலும்பின் பெயர் வேறு, வேலை ஒன்றுதான்.

தகடு வெறும் மூடி இல்லை என்பதை விமானக்காரன் சீக்கிரமே கற்றான். ஐ.கே-2இல் துணி கிழிந்த இடத்தைச் சொன்னேனே, அங்கேதான் பாடம். துணி காற்றை மறைக்கும், பாரத்தைத் தாங்காது. தகட்டைச் சட்டத்தோடு இறுக்கி ரிவெட் அடித்தால் தகடும் முறுக்கைத் தாங்கும், அப்புறம் சட்டத்தை மெலிதாக்கலாம், எடை குறையும். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பேருந்தின் பாடி முறுக்கிக்கொள்கிறதே, அதைத் தாங்குவதும் இதே முறைதான். பாடியில் குறைத்த ஒவ்வொரு கிலோவும் டீசலில் மிச்சம், அல்லது இன்னும் சில பயணிகள்.

அடுத்தது திறப்பு. கதவு வெட்டும் இடத்தில்தான் பாடி பலவீனப்படும். நகரப் பேருந்தில் இரண்டு மூன்று அகலக் கதவுகள். மூலையைச் சதுரமாக வெட்டினால் அங்கிருந்து விரிசல் கிளம்பும், வளைத்து வெட்டி உள்ளே பட்டி கொடுக்க வேண்டும். விமானிக்கு இருக்கை வெட்டியவன், துப்பாக்கிக்கு இடம் வெட்டியவன், சக்கரம் மடங்கிப் போகக் குழி வெட்டியவன், அந்த மூலையைப் பார்த்தவுடன் கையைத் தானாக வளைப்பான்.

ரிவெட் வேலையைச் சொல்லவே வேண்டாம். வெளியே ஒருவர் அடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையை எதிரே பிடிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் தாளம் சேராவிட்டால் தகடு நெளியும். ஓர் இடத்தில் தலை சரியாக உட்காரவில்லை என்றால் விமானத்தொழிலில் அதைத் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி அடிக்கச் சொல்வார்கள், ஆய்வாளர் கையெழுத்துப் போடாமல் அடுத்த வேலைக்குப் போக முடியாது. இந்தக் கண்டிப்பில் வளர்ந்தவர்கள் பேருந்துக்கு வந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. எங்களுக்கு யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. மழைக்காலத்தில் ஒழுகிய பிறகுதான் எந்த ரிவெட் சரியில்லை என்று தெரியும்.

அதற்காக இரண்டும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். விமானத்துக்கு மணிக்கணக்கைப் பார்க்க மாட்டார்கள், பேருந்துக்கு ஒவ்வொரு மணிக்கும் விலை உண்டு. விமானத்தில் ஏறுபவர் பயிற்சி பெற்றவர், பேருந்தில் ஏறுபவர் கையில் சாமான் மூட்டையோடு, அவசரத்தோடு, கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டு ஏறுவார். படிக்கட்டும் தரையும் தினமும் ஆயிரம் கால் மிதிபடும். தேய்மானம் என்ற கணக்கு புதிதாகக் கற்க வேண்டியது. அப்புறம் உப்பு. குளிர்நாட்டில் பனி உருக ரோட்டில் உப்பு கொட்டுவார்கள், அது அடிச்சட்டத்தைத் தின்னும். விமானக்காரனுக்குத் தரையிலிருந்து வரும் இந்தத் தொல்லை பழக்கமில்லாதது.

கணக்காளர் ஒருவர்: விமானத்திலிருந்து பேருந்துக்கு இறங்கியது வீழ்ச்சிதானே? ஏன் நிறுத்தினார்கள்?

வீழ்ச்சி என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. காரணங்களை முதலில் பாருங்கள்.

ஸ்டாலினுடன் முறிந்த பிறகு மேற்கு நாடுகள் உதவிக்கு வந்தன. 1951 முதல் அமெரிக்காவிடமிருந்து போர் விமானங்கள் வந்து இறங்கின. சொந்தமாகக் கட்டும் அவசரம் தணிந்தது. அத்துடன் எல்லைக்கும் தலைநகருக்கும் தள்ளி, மலைநாட்டில் மோஸ்டாரில் சோகோ என்ற புதிய விமானத் தொழிற்சாலையைக் கட்டினார்கள். தலைநகர் ஓரத்துத் தொழிற்சாலை எத்தனை சுலபமான குறி என்பதை 1941இலும் 1944இலும் பார்த்தவர்கள் எடுத்த முடிவு அது. விமானம் மோஸ்டாருக்கும் டான்யூபுக்கு அப்பாலுள்ள பான்செவோவுக்கும் போயிற்று.

பெல்கிரேட் நிலைமையையும் பாருங்கள். பெல்கிரேடுக்கும் ஸெமுனுக்கும் நடுவில் சதுப்பாகக் கிடந்த நிலத்தில் 1948இல் நியூ பெல்கிரேட் என்ற முழு நகரத்தையே கட்டத் தொடங்கினார்கள். அடுக்குமாடிகள் எழ எழ ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடிவந்தன. வேலைக்கு ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். பேருந்து இல்லாமல் அந்த நகரம் அசையாது. அந்தப் பேருந்தைக் கட்டும் தொழிற்சாலை அதே ஸெமுனில் இருந்தது.

இக்காரஸ் மட்டுமா? ஸெமுனிலேயே ஸ்மாய் என்று இன்னொரு விமானத் தொழிற்சாலை இருந்தது. போருக்குப் பின் அது கதிரறுக்கும் எந்திரம் செய்தது. பெல்கிரேட் அருகே ராகோவிட்சாவில் விமான எஞ்சின் செய்த ஆலை டிராக்டர் பக்கம் போயிற்று. வயலும் ரோடும் கேட்டதைச் செய்தார்கள். எஸ்-49 விமானம் மொத்தமாக நூற்றைம்பதுக்குச் சற்று அதிகம். அது பறந்த ஆண்டுகளும் குறைவு. நகரப் பேருந்து ஒன்று ஒரு நாளில் ஏற்றி இறக்கும் ஆட்களை எண்ணிப் பாருங்கள், கணக்காளர் ஐயா. உங்கள் தொழிலில் இதற்கு என்ன விடை வரும் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

பேருந்துப் படங்கள் சேகரிக்கும் வாசகர் ஒருவர்: இக்காரஸ் என்றால் ஹங்கேரி பேருந்து அல்லவா? இரண்டும் ஒரே கம்பெனியா?

இல்லை, இரண்டும் வேறு. ஹங்கேரியின் இக்காரஸ் புடாபெஸ்ட் பக்கத்து நிறுவனம். சோவியத் நாடு முழுக்க ஓடிய அந்த மடங்கும் நீளப் பேருந்துகள் அவர்களுடையவை. ஸெமுன்காரர்களும் அதே பெயரில் பேருந்து விற்றதால் குழப்பம் நீண்ட காலம் இருந்தது. 1992இல் ஸெமுன் நிறுவனம் பெயரை இக்கார்பஸ் என்று மாற்றிக்கொண்டது.

அந்த ஆண்டு அவர்களுக்கு வேறு எல்லா வகையிலும் மோசமான ஆண்டு. யூகோஸ்லாவியா உடைந்து போர் நடந்துகொண்டிருந்தது, ஐ.நா. பொருளாதாரத் தடை விதித்தது, உள்நாட்டுச் சந்தையின் பெரும்பகுதி ஒரே இரவில் வெளிநாடானது. மறு ஆண்டு பணவீக்கம் எங்கே போயிற்று என்றால், 50,000 கோடி தினார் என்று ஒரே நோட்டு அச்சிட்டார்கள். அந்த நிலைமையில் தகடும் எஞ்சினும் வாங்கி, சம்பளம் கொடுத்து, பேருந்து கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பிறகும் பெல்கிரேட் நகரப் போக்குவரத்துக்கு அவர்களது பேருந்துகள் வந்தன. 12 மீட்டர் வண்டிகள், நடுவில் மடங்கும் 18 மீட்டர் வண்டிகள், பின்னாளில் தாழ்தள வண்டிகள். ஜெர்மனியின் மான் (MAN) நிறுவனத்தின் எஞ்சின் பொருத்தியவை அவற்றில் நிறைய.

உங்கள் சேகரிப்பில் ஐ.கே-201 படம் இருந்தால் அனுப்புங்கள். அந்த 18 மீட்டர் வண்டியின் மடிப்புப் பகுதிக்குப் பக்கத்தில் தகட்டை எப்படி முடித்திருக்கிறார்கள் என்று கிட்டத்தில் பார்க்க வேண்டும். கூரை ஓரம் தெளிவாகத் தெரிகிற படமாக இருந்தால் நல்லது.